“அம்மா, கதவு பூட்டியாச்சா?”

கேள்வி: மகளுக்கு 9 வயது. நாங்கள் களுவாஞ்சிகுடி. இரவில் “கதவு பூட்டியாச்சா? கள்ளன் வரமாட்டானே?” என்று பத்துப் பதினைந்து தரம் கேட்பாள். நான் எழும்பிப் போய்ப் பூட்டைக் காட்ட வேண்டும், பக்கத்தில் படுக்கவும் வேண்டும். பள்ளிக்கூடத்திலும் இடைவேளை வரைக்கும் வாசலில் நிற்கிறேன். கணவர் கட்டாரில். கிளினிக்குக்கு வரவே மாட்டேன் என்கிறாள்.

பதில்: அவள் வராவிட்டால் நீங்கள் வாருங்கள், அம்மா. பெற்றோரை மட்டும் வைத்துச் செய்யும் சிகிச்சை இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் வகுத்த ‘ஸ்பேஸ்’ முறை அது. 7 முதல் 14 வயது வரையான 124 பிள்ளைகளை வைத்துச் செய்த, 2020இல் வெளியான ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகக் கொடுத்த சிகிச்சைக்கு இது குறைவாக இருக்கவில்லை.

நீங்கள் பூட்டைக் காட்டியதும் அவளுடைய பயம் இறங்கிவிடுகிறது. சிக்கலே அதுதான். பயம் தானாக இறங்கும் என்பதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. 2004 சுனாமியைச் சிறுவயதில் கண்ட எங்கள் கரையோரத் தாய்மார் பிள்ளையைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருப்பது இயல்புதான்.

முதல் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். அவளுடைய பயத்துக்காக நீங்கள் செய்வதையெல்லாம் ஒரு கொப்பியில் நேரத்தோடு குறியுங்கள். பிறகு அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். தினமும் நடப்பதாகவும் முழுக்க உங்கள் கையில் இருப்பதாகவும் அது இருக்கட்டும். “தனியப் படு” என்பது அவள் செய்ய வேண்டியது, அதை உங்களால் செய்விக்க முடியாது. “ஒரு தரம்தான் பதில் சொல்லுவன்” என்பது நீங்கள் செய்வது. அதனால் பூட்டில் தொடங்குங்கள். பக்கத்தில் படுப்பது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். பள்ளிக்கூட வாசலைப் பிறகு வகுப்பாசிரியரோடு கதைத்துப் பார்க்கலாம்.

இதை இரவில் சொல்லக்கூடாது. பின்னேரம், அவள் அமைதியாக இருக்கும்போது சொல்லுங்கள்: “உனக்கு உண்மையாவே பயமா இருக்கு, எனக்கு விளங்குது. அந்தப் பயத்தை உன்னால தாங்க ஏலும் எண்டும் தெரியும். திங்கக்கிழமையில இருந்து படுக்க முதல் ஒருக்காக் கதவைப் பார்த்துச் சொல்லுவன். பிறகு கேட்டா பதில் சொல்லமாட்டன்.” “விளங்குது” என்பது இல்லாவிட்டால் அது ஏச்சாகக் கேட்கும், “தாங்க ஏலும்” என்பது இல்லாவிட்டால் வெறும் பரிதாபம். காதைப் பொத்திக்கொள்வாள் என்றால் கடதாசியில் எழுதிக் கட்டிலில் வையுங்கள்.

முதல் சில இரவுகள் அழுகையும் கோபமும் கூடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நாற்பது நிமிடம் அழவிட்டு, பிறகு எழும்பிப் போய்ப் பூட்டைக் காட்டினால், நாற்பது நிமிடம் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் அவள் படிப்பாள். அவ்வளவு தாங்க முடியாது என்று தோன்றினால், ஐந்து தரம் பதில் சொல்வேன் என்று தொடங்குங்கள், ஆனால் ஆறாவது வேண்டாம். ஏசவும் வேண்டாம், விளக்கம் சொல்லி வாதாடவும் வேண்டாம். அம்மம்மா “பாவம் பிள்ளை” என்று அடுத்த அறையிலிருந்து பதில் சொன்னால் எல்லாம் வீண், அவருக்கும் முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள். கணவர் அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் எடுத்து, “இரவு கஷ்டமா இருந்தும் சமாளிச்சியாம் மகள்” என்று சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். இந்தப் பயம் திடீரென்று வந்ததா? பள்ளிக்கூடத்திலோ டியூசனிலோ வீட்டுப் பக்கத்திலோ யாராவது அவளை அடித்தோ, மிரட்டியோ, தொட்டோ இருந்தால் அது பொய்ப் பயமல்ல, அப்போது இந்த முறையைத் தொடங்கவே கூடாது. அப்படியானால், அல்லது சாகப்போகிறேன் என்று கதைத்தால், தாமதிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிவாருங்கள். இரவென்றால் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். மற்றப்படி, கொப்பியோடு நீங்கள் மட்டும் கிளினிக்குக்கு வந்தால் போதும்.