வாஷிங் மெஷினில் பூஞ்சை வாடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கதவைத் திறந்தாலே முடைநாற்றம் வீசுகிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் கரும்புள்ளிகள் படர்ந்துவிட்டன. துவைத்த துணியிலும் அந்த வாடை ஏறுகிறது. சோப்புத் தூளைக் கூட்டிப் போட்டும், வாசனைத் திரவம் ஊற்றியும் பார்த்துவிட்டேன், பயனில்லை. துவைப்பதற்கு உப்பாக இருக்கும் போர் தண்ணீர்தான் கிடைக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, முதலில் சோப்புத் தூளைக் கூட்டுவதையும் வாசனைத் திரவம் ஊற்றுவதையும் நிறுத்திவிடுங்கள். நாற்றத்துக்கு இரை போடுவது அவை இரண்டும்தான். கரையாமல் தங்கும் சோப்பு, துணியிலிருந்து கழன்று வரும் நூல் துகள், உடம்பின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும், வாசனைத் திரவத்தில் உள்ள கொழுப்புப் போன்ற பொருள்கள் ஆகிய எல்லாமும் சேர்ந்து, டிரம்முக்குப் பின்னாலும் ரப்பரின் மடிப்புக்குள்ளும் வழுவழுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் அந்தப் படலத்தில்தான் குடியிருக்கின்றன. கடினத்தன்மை மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது; நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் ஒரு கரண்டி போடுகிறோம்; தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகி, அந்தப் படலத்தை மேலும் தடிக்கச் செய்கின்றன.

இராமநாதபுரம் கடற்கரைக்கே உரிய இன்னொரு காரணமும் இதில் உண்டு. அதைப் பொதுவான குறிப்புகளில் பார்க்க முடியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கசியத் தொடங்கும். கடல்நீரில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். மழைக்காலத்தில் ஊறுகாய் உப்பு ஜாடியில் நீர்விடுவதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உப்பு நீரில் துவைத்துவிட்டுக் கதவை நாள் முழுவதும் திறந்தே வைத்திருந்தாலும், ரப்பர் மடிப்பில் படிந்த உப்பு இரவானதும் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அந்த மடிப்பு ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. ஆகவே நம் ஊரில் ஈரத்தைத் துடைத்தால் மட்டும் போதாது. உப்பையும் சேர்த்துத் துடைக்க வேண்டும்.

சுத்தம் செய்வதை இரண்டு நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். சோப்புப் போடும் தட்டில் அழுத்துவதற்கென்று ஒரு பிடி இருக்கும். அதை அழுத்தியபடி இழுத்தால் தட்டு முழுதாக வெளியே வந்துவிடும். வாசனைத் திரவம் ஊற்றும் பகுதியின் மூடியைத் தனியாகக் கழற்றி, வெந்நீரில் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தட்டு இருந்த பொந்தின் மேற்கூரையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தெளிக்கும் துளைகள் அங்கேதான் உள்ளன; பெரும்பாலான வீடுகளில் எவரும் கவனிக்காத பூஞ்சை அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு கதவு ரப்பரின் மடிப்பை விரலால் பிரித்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் சுற்றிலும் துடையுங்கள். அடிப்பக்கத்தில் உள்ள சிறு வடிகால் துளைகளை நூல் கசடு அடைத்திருந்தால், அவற்றைக் கூர்மையில்லாத குச்சியால் திறந்துவிடுங்கள்.

அடுத்து, மெஷினின் முன்பக்கம் கீழ் மூலையில் சிறு மூடிக்குப் பின்னால் இருக்கும் பம்பு வடிகட்டியைப் பாருங்கள். நாற்றத்தின் பாதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெந்நீரில் துவைத்த உடனே அதைத் திறக்கக் கூடாது. தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். தட்டையான பாத்திரம் ஒன்றைக் கீழே வைத்து, பக்கத்தில் சிறு குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு வடிகட்டியை மெதுவாகத் திருகுங்கள். மீன்பிடித் தொழில் நடக்கும் ஒரு வீட்டில் இப்படித் திறந்தபோது, சாம்பல் நிறக் கசடுக்குள் கடல் மணலும், கண்ணாடித் துண்டு போல மின்னும் மீன் செதில்களும், பச்சை நைலான் வலை நூலும் சுருண்டு வந்தன. பம்பின் இறக்கையையே அந்த நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. உங்கள் வீட்டிலும் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் தூண்டில் முள் சிக்கியிருக்கக்கூடும். கையை விட்டுத் துழாவாமல் வெளிச்சம் வைத்துப் பார்த்து எடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டியது அவசியம்.

பின்னர், மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 100 கிராம் எடுத்து, துணி எதுவும் இல்லாத டிரம்முக்குள் போட்டு, 60 டிகிரி வெந்நீர் நிரலில் (புரோகிராமில்) ஓடவிடுங்கள். டிரம்மிலும் ஹீட்டரிலும் படிந்த சுண்ணாம்புக் கசடு இதில் கரையும். படலத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சுண்ணாம்புதான் என்பதால், அதைக் கரைக்காமல் வேறு எந்த மருந்து ஊற்றினாலும் வேலை பாதியில் நிற்கும். மெஷினோடு வந்த கையேட்டில் அமிலம் கூடாது என்று எழுதியிருந்தால், அந்த நிறுவனம் சொல்லும் கசடு நீக்கும் தூளையே வாங்கிப் போடுங்கள். சுத்தம் செய்யும் தண்ணீரே உப்பாக இருந்தால் பலன் குறையும். தள்ளுவண்டியில் குடம் வைத்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் நம் ஊரில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது; ஆயினும் மாதம் ஒருமுறை செய்யும் இந்தச் சுத்தத்துக்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடிவிட்டு நிரலைத் தொடங்கினால், மெஷின் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, புதுத் தண்ணீருக்காகக் காத்து நிற்கும்; அதன்பின் சோப்புத் தட்டின் வழியாகச் சிறுகச் சிறுக ஊற்றினால், போதிய மட்டம் வந்ததும் மெஷின் அதையே எடுத்துக்கொண்டு ஓடும்.

இரண்டாம் நாள் ரப்பரில் உள்ள கரும்புள்ளிகளுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் திரவ பிளீச் 50 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் நனைத்த துணியை மடிப்புக்குள் கால் மணி நேரம் செருகி வையுங்கள். பின்பு நல்ல தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசவிட்டு, ஆக்சிஜன் பிளீச் கலந்த சோப்புத் தூள் போட்டு 60 டிகிரியில் மீண்டும் வெறுமனே ஓடவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. இத்தனைக்குப் பிறகும் சில புள்ளிகள் மாறாமல் நிற்கலாம்; அவை ரப்பருக்குள் ஊறிப்போன கறை. நாற்றம் போய்விட்டால் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டு நாளாகப் பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: பிளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும், அது நுரையீரலைத் தாக்கும் நச்சு. எலுமிச்சை உப்பு, வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகிய எல்லாமே அமிலம்தான். அவற்றை பிளீச்சோடு ஒரே நேரத்தில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கழிப்பறைக்கு ஊற்றும் திரவத்தை மெஷினில் ஊற்றுவதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது டிரம்மின் எஃகையும், டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் அலுமினியச் சட்டத்தையும் அரித்துவிடும். தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். கரையாத சுண்ணாம்பை அது உள்ளேயே விட்டுச் செல்லும். சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுவது பரவலான பழக்கம். ஒன்று காரம், மற்றது அமிலம் என்பதால், பொங்கி முடிந்தபின் இரண்டின் வேகமும் போய்விடுகிறது.

இனி அன்றாடம் செய்ய வேண்டியவை. துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிடுங்கள். மின்சாரம் நின்று துணி உள்ளேயே கிடந்துவிட்டால், அதை மறுபடி ஒருமுறை அலசியே காயப்போடுங்கள். ரப்பர் மடிப்பை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், பிறகு உலர்ந்த துணியாலும் துடையுங்கள். கதவும் சோப்புத் தட்டும் சற்றே திறந்திருக்கட்டும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் உள்ளே நுழைந்துவிடாதபடி அந்த அறையைப் பூட்டி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது துண்டு, படுக்கை விரிப்பு போன்றவற்றை 60 டிகிரியில் துவையுங்கள். எப்போதும் குளிர்ந்த நீரிலேயே துவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு கரையாமல் சேர்ந்துகொண்டேதான் போகும்.

கேள்வி: என் கணவரும் மகனும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார்கள். அவர்களுடைய துணியைத் துவைத்த பிறகு, பள்ளிக்கூடச் சீருடையைப் போட்டாலும் மீன் வாடை அடிக்கிறது. மெஷினில் கோளாறா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: மெஷினில் கோளாறு இல்லை, சகோதரி. மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமைன் என்ற பொருள் காரத்தன்மை கொண்டது. சலவைத் தூளும் காரம்தான். காரம் சேரும்போது அந்த வாடை அடங்காமல் இன்னும் எழும். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறி, தண்ணீரோடு போய்விடும். மீன் கழுவிய சட்டியைப் புளி போட்டுத் தேய்ப்பதும் கையில் எலுமிச்சம் மூடியைத் தேய்த்துக்கொள்வதும் இதனால்தான். துணிக்குப் புளி கறை பிடிக்கும் என்பதால், ஒரு வாளித் தண்ணீரில் அரைக் குவளை வெள்ளை வினிகர் கலந்து, தொழில் துணிகளை அரை மணி நேரம் ஊறவைத்து, அலசிப் பிழிந்த பிறகே மெஷினில் போடுங்கள். அந்த ஒரு அலசலிலேயே கடல் உப்பும் மணலும் செதிலும் பெருமளவு வெளியேறிவிடும். 1 லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நனைந்த சட்டையை அப்படியே மெஷினில் போடுவது, கைப்பிடி உப்பை டிரம்முக்குள் கொட்டுவதற்குச் சமம். மீன் எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் அவசியம். சீருடையைத் தொழில் துணிக்கு முன்பே துவைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது மேலே மூடி உள்ள தானியங்கி மெஷின், வெந்நீர் வசதி கிடையாது. துவைத்த வெள்ளை வேட்டியில் கருநிறத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. டிரம் பளபளவென்றுதான் இருக்கிறது. எங்கிருந்து வருகின்றன?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: நீங்கள் பார்க்கும் எஃகுத் தொட்டிக்கு வெளியே, கண்ணில் படாமல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் படிந்த சோப்புக் கசடும் பூஞ்சையும் உதிர்ந்து வருவதையே துணியில் காண்கிறீர்கள். வாளி ஹீட்டரில் மூன்று வாளித் தண்ணீரைக் கை பொறுக்காத அளவுக்குச் சுடவைத்து, ஹீட்டரை அணைத்துக் கழற்றிய பிறகு தொட்டியில் ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் பிளாஸ்டிக்கை நெளித்துவிடும் என்பதால் அவ்வளவு சூடு வேண்டாம். மீதியைக் குழாய்த் தண்ணீரால் மிக உயர்ந்த மட்டம் வரை நிரப்புங்கள். கசடு வளையம் பொதுவாக மேல் மட்டத்தில்தான் படிந்திருக்கும். பாதித் தண்ணீரில் சுத்தம் செய்வதால் பயனில்லை. கடையில் கிடைக்கும் தொட்டி சுத்தம் செய்யும் தூளைப் போட்டுச் சில நிமிடம் சுழலவிட்டு, நிறுத்தி, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மேலே மிதந்து வரும் கசடைத் தேநீர் வடிகட்டியால் அள்ளி எடுத்துவிட்டு, பிறகு முழு நிரலையும் ஓடவிடுங்கள். பழைய மெஷினாக இருந்தால் முதல் தடவையில் துணுக்குகள் அதிகமாகவே வரும். அவை நிற்கும்வரை வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். தண்ணீர் வரும் குழாயின் முனையில் உள்ள சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். மணல் அடைத்திருந்தால் தண்ணீர் வரத்து குறைந்து அலசல் கெட்டுவிடும்.

கேள்வி: மெஷினை வெளித் திண்ணையில் வைத்து, பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம். கழிவுநீர்க் குழாயைத் தென்னை மரத்தடியில் விட்டிருக்கிறோம். சாக்கடை வாடை வருகிறது, அடிப்பாகமும் துருப்பிடிக்கிறது.
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: குழாயின் முனை தரையில் கிடந்தால், உள்ளே நிரம்பும் தண்ணீர் தானாகவே இழுபட்டு வெளியேறும், சோப்பு சரியாக அலசப்படாது, தேங்கிய சேற்றின் வாடையும் அதே வழியாக மேலே ஏறும். முன்பக்கக் கதவு உள்ள மெஷினானால், குழாயைத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளைத்துக் கட்டி, அங்கிருந்து அகலமான வேறொரு குழாயில் இறக்குங்கள். முனை அந்தக் குழாயை அடைத்தாற்போல் இறுகாமல், சுற்றிலும் காற்று போக இடம் இருக்கட்டும். பாதித் தானியங்கி மெஷினில் தண்ணீர் தானாக இறங்குவதால், குழாய் கீழேயே இருக்க வேண்டும். முனை மட்டும் சேற்றில் புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையை உடனே எடுத்துவிடுங்கள். உப்புக் காற்றைத் தடுப்பதைவிட, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே போகவிடாமல் அடைத்து வைப்பதையே அது அதிகம் செய்கிறது. பருத்தித் துணியால் மூடி, வாரம் ஒருமுறை உடலையும் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். முடிந்தால் கடலைப் பார்த்த திண்ணையிலிருந்து வீட்டுக்குள் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எந்த நிலையில் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: ரப்பர் கிழிந்திருந்தாலோ, பிசுபிசுவென்று இளகியிருந்தாலோ அதை மாற்றியே ஆக வேண்டும். வடிகட்டியைச் சுத்தம் செய்த பிறகும் தண்ணீர் இறங்காவிட்டால் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சுழலும்போது உலோகம் உரசும் சத்தம் கேட்டாலோ, காலி டிரம்மைக் கையால் அசைக்கும்போது அது மேலும் கீழும் தளர்ந்து ஆடினாலோ, டிரம் சுழலத் தாங்கும் பேரிங்கோ பின்பக்க அலுமினியச் சட்டமோ கெட்டிருக்கலாம். சரிபார்க்கும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். மெக்கானிக் பின்பக்கத்தைத் திறக்கும்போது அருகில் இருந்து, சட்டத்தில் வெண்பொடி பூத்து அரித்திருக்கிறதா என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரிப்பு ஆழமாக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு; சட்டத்தோடு சேர்த்து டிரம்மையும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு, புதிய மெஷினின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.