மின்விசிறி ஆடியது, கடல் வரவில்லை: ஏன்?

வாசகர் கேள்வி: பருத்தித்துறைக்கு அண்மையில், கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் தூரத்தில் வசிக்கிறேன். பழைய வீட்டுக்கு மேல்மாடி எடுக்க எண்ணியுள்ளேன். 2012 சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னர், யாழ்ப்பாண நகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தபோது மின்விசிறி ஆடியதைக் கண்டேன், கடல் வரவில்லை. 2004 இல் வீட்டில் எதுவும் ஆடவில்லை, கடல் வந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறார் கனடாவிலுள்ள மருமகன்; இங்கே அது வீண்செலவு என்கிறார் மேசன். எங்கள் சுண்ணக்கல்லுக்குள் குகைகள் இருப்பதாகவும் சொல்கிறார்கள். இறங்கிப் பார்க்க முடியாத நிலத்தைப் பற்றி எதை வைத்துப் பேசுகிறார்கள்?

பதில்: மேசன் சொல்வதில் பெரும்பகுதி சரி. இலங்கை ஒரு பெரும் புவித்தகட்டின் உட்பகுதியில் இருக்கிறது. எமக்கு மிக அண்மையிலுள்ள தகட்டு விளிம்பு, அந்தமானிலிருந்து சுமாத்திரா வரை கடலடியில் ஓடும் அகழி, ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஆனால் தகட்டின் உட்பகுதி முற்றாக அசையாதது அன்று. 2020 இல் கண்டி, திகனைப் பகுதியில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. 1993 செப்டெம்பர் 30 ஆம் திகதி மகாராட்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில், தகட்டு விளிம்பிலிருந்து வெகுதூரத்தில் ஏற்பட்ட 6.2 அளவு நிலநடுக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள். மருமகனின் அச்சத்துக்கும் இடம் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கண்ட மின்விசிறியிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் அதுவும் ஒருவகை நிலநடுக்கப் பதிகருவியே. அரை மீற்றர் நீளக் கம்பியில் தொங்கும் பாரம் ஒருமுறை ஆடித் திரும்ப ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் எடுக்கும். தொலைவிலிருந்து மெதுவாக வரும் அலைகளுக்கு அது இலகுவில் இசைந்து ஆடிவிடுகிறது. உங்கள் வீடு அப்படிப்பட்டதன்று. இரண்டு மாடி வீட்டின் இயல்பான ஆட்டம் ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு அளவே என்பதால், நீண்ட கடலலை கட்டுமரத்தை அலுங்காமல் தூக்கி இறக்குவதுபோல, மெதுவான நில அலை முழு வீட்டையும் ஒன்றாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும்.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது அதுதான். சுமாத்திராவின் அருகே கடலடிப் பாறையில் தொடங்கிய நிலநடுக்கப் பிளவின் முதல் அலைகள் நான்கு நிமிடங்களுக்குள் கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலை பதிவு நிலையத்தை அடைந்தன. அவற்றைத் தொடர்ந்து வந்த மேற்பரப்பு அலைகளில் இலங்கையின் நிலம் 9 சென்ரிமீற்றர் ஏறி இறங்கியது. ஒரு சாண் உயரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவு! ஆயினும் ஒருமுறை ஏறி இறங்கப் பல செக்கன்கள் எடுக்கும் அசைவை உடல் உணராது. ஆகவே உங்கள் வீட்டில் எதுவும் ஆடவில்லை என்பதில் வியப்பில்லை. பிளவு எட்டு நிமிடங்களுக்கு மேலாகச் சுமார் 1300 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடியது. தொடக்கப் பதிவுகளை மட்டும் கொண்டு முதலில் அறிவிக்கப்பட்ட அளவு 8.0; முடிவில் கணிக்கப்பட்டது 9.1. இலக்கத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, சக்தியில் நாற்பது மடங்குக்கும் அதிகம்.

2012 ஏப்ரல் 11 ஆம் திகதிய நடுக்கமும் சிறியதன்று. அதன் அளவு 8.6. ஆயினும் கடல் வராததற்குக் காரணம் பாறைகள் நகர்ந்த திசை. ஒரு நடுக்கத்தின் முதல் அசைவு சில நிலையங்களில் நிலத்தை மேலே தள்ளியும், வேறு சிலவற்றில் கீழே இழுத்தும் பதிவாகும். உலகெங்குமுள்ள நிலையங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் பாறை எப்பக்கம் நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். 2004 இல் கடலடித்தரை மேலே உயர்த்தப்பட்டு, தனக்கு மேலிருந்த நீரையும் உயர்த்தியது. 2012 இல் பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தமையால் நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே உங்கள் வடமராட்சிப் பகுதியில் வாழும் ஒருவர் நில ஆட்டத்தை மட்டும் கடலுக்கான அறிகுறியாகக் கொள்ளக் கூடாது. ஆடாவிட்டாலும் கடல் வரலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் நம்புங்கள். சுமாத்திராப் பக்கத்திலிருந்து அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எடுக்கும். நில அலையோ சில நிமிடங்களில் வந்துவிடும். எச்சரிக்கை முறைமை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இயங்குகிறது.

இறங்கிப் பார்க்காமல் எப்படி அறிகிறார்கள் என்ற கேள்விக்கு விடை, அலை வந்து சேரும் நேரம். 1897 ஆம் ஆண்டின் அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த இந்தியப் புவியியல் அளவைத் துறையின் றிச்சர்ட் ஓல்ட்ஹாம், பூமியின் நடுப்பகுதியூடாக வரும் அலைகள் எதிர்பார்த்ததைவிடப் பிந்துவதை வைத்து, உள்ளே வேறொரு பொருள் இருப்பதாக 1906 இல் காட்டினார். அதுவே கோளவகம், ஏறத்தாழ 2900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்குகிறது. குறுக்காக அசையும் அலைகள் திரவத்தினூடாகச் செல்லா; அவை கோளவகத்தைக் கடக்காமல் நின்றுவிடுவதால் அதன் வெளிப்பகுதி உருகிய நிலையில் உள்ளது என அறிகிறோம். அதற்கும் உள்ளே இன்னொரு எல்லை உண்டென்பதை 1936 இல் டென்மார்க்கைச் சேர்ந்த நிலநடுக்க ஆய்வாளர் இங்கா லேமன் கண்டறிந்தார்.

உங்கள் சுண்ணக்கல்லுக்கும் இதே முறை பொருந்தும். நிலத்தில் இரும்புத் தட்டொன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்து, வரிசையாகப் பதித்த அதிர்வு வாங்கிகளில் அலை சேரும் நேரத்தை அளப்பார்கள். தளர்ந்த மணலில் அலை செக்கனுக்குச் சில நூறு மீற்றர்களும், உறுதியான சுண்ணக்கல்லில் 2000 மீற்றருக்கு மேலும் செல்லும். வெற்றிடம் இருந்தால் அதைச் சுற்றி வரவேண்டியிருப்பதால் பிந்தும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் உள்ள ஆழமான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இத்தகைய வெற்றிடங்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆயினும் ஒரு சாதாரண வீட்டுக்கு இவ்வளவு செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழைநீர் ஓரிடத்தில் திடீரென உள்ளிழுக்கப்பட்டாலோ, முற்றம் தாழ்ந்தாலோ மட்டும் இந்தச் சோதனையைச் செய்விக்கலாம்.

அதைவிட முக்கியமானது உங்கள் பழைய அத்திவாரம். இரண்டு மூலைகளில் தோண்டி, அது பாறையில் நிற்கிறதா மணலில் நிற்கிறதா என்பதை ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள். நீர் ஊறிய தளர்ந்த மணல், கடுமையான ஆட்டத்தில் சேறுபோல இளகக்கூடியது; மணற்காட்டுப் பக்கத்தில் கட்டுபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பாறையாயின் நல்லது. தூண்களையும் பீம்களையும் முறையாகப் பிணைத்து, மூட்டுகளுக்கு அருகே கம்பி வளையங்களை நெருக்கமாக இட்டு, அவற்றின் முனைகளை உட்புறமாக வளைத்து, லிண்டலை வீட்டைச் சுற்றி அறாமல் ஓட விடுங்கள். உப்புள்ள மணலைக் கொங்கிறீற்றில் சேர்க்க வேண்டாம். நடுக்கம் வராவிட்டாலும் கம்பியை அது தின்றுவிடும். மேல்மாடிக்கு மேலே வைக்கப்போகும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் ஒரு தொன் நிறை. அதைத் தனிச் சுவரின் மேல் அல்லாமல், தூண்களுக்கு நேர்மேலே வைத்துப் பிணைக்கச் சொல்லுங்கள்.