ரீபில்ட் செய்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் சூடானதும் வழுக்குகிறதா?

கேள்வி: என்னுடையது 2016 மாடல் டீசல் கார், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். நான்கு மாதத்துக்கு முன் 1,10,000 ரூபாய் கொடுத்து கியர் பாக்ஸைப் பிரித்து ரீபில்ட் செய்தேன். காலையில் நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் ஓடி சூடானதும், இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது என்ஜின் ரேஸ் ஏறி, பிறகு டொக்கென்று இடித்து விழுகிறது. ஸ்கேனரில் பி 0700 என்று வந்ததால் கியர் பாக்ஸின் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது, 45,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். அடுத்த வாரம் கொடைக்கானல் போகிறோம். மாற்றிவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: மாற்றாதீர்கள். பி 0700 என்றால் யூனிட் போய்விட்டது என்று பொருளே இல்லை. 'கியர் பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு, அங்கே போய்ப் பார்' என்று என்ஜின் கம்ப்யூட்டர் கை காட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையான கோளாறு எண் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். மலிவு ஸ்கேனர் அதுவரை போகாது. அங்கே பி 0733 இருந்தால், மூன்றாம் கியர் சரியாகப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று அர்த்தம். இந்த 0700-ஐக் காட்டியே காயலான் கடை யூனிட்டை வாங்கி மாட்டி, நடுவில் கமிஷன் பார்க்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மாட்டிய யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் வழுக்கினால் எங்கோ ஆயில் அழுத்தம் கசிகிறது. சூடானால் ஆயில் நீர்த்துப்போகும்; தேய்ந்த சீல், ரிங் வழியாக நழுவிவிடும்.

முதலில் ஆயில் அளவு. உங்கள் பாக்ஸில் அநேகமாக அளவுக் கம்பி இருக்காது, வழிந்து சொட்டும் துளைதான். என்ஜினை அணைத்துவிட்டு அதைத் திறந்தால் கன்வர்ட்டரில் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருந்த ஆயிலும் கீழே இறங்கி வெளியே கொட்டும். 'ஃபுல்லா இருக்கு' என்று மூடிவிடுவார்கள். உள்ளே குறைவாக இருக்கும். என்ஜின் ஓட வேண்டும், கம்பெனி சொன்ன சூட்டில் பார்க்க வேண்டும். ஹூண்டாயின் ஆறு கியர் பாக்ஸ்களுக்கு அது 50 முதல் 60 டிகிரி. ஆயிலும் அந்த பாக்ஸுக்குச் சொன்னதாகவே இருக்க வேண்டும். 'எல்லா வண்டிக்கும் போடலாம்' என்கிற டப்பா வேண்டாம்.

அடுத்தது நீங்களே செய்யக்கூடியது. வண்டி நன்றாகச் சூடானதும், ஆளில்லாத லேசான மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஆறு கியர் பாக்ஸ்களில் 3, 5, ரிவர்ஸ் மூன்றுக்கும் ஒரே கிளட்ச் பேக்தான் (ஆயில் அழுத்தத்தில் இறுகிப் பிடிக்கும் பிளேட் அடுக்கு) வேலை செய்கிறது. ரிவர்ஸும் இழுக்கத் திணறினால் குற்றவாளி அந்த பேக். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிஸ்டன் சீலையே போட்டு மூடியிருக்கலாம். பாக்ஸ் மறுபடி இறங்க வேண்டும், ரீபில்ட் செய்தவர் செலவில்.

ரிவர்ஸ் கெட்டியாக இழுத்தால் நல்ல செய்தி. பழைய தேய்ந்த பிளேட்டின் கணக்கையே கம்ப்யூட்டர் இன்னும் மனதில் வைத்திருக்கலாம். ரீபில்டுக்குப் பிறகு அந்த நினைவை ஸ்கேனரில் அழித்து, ஆயில் சூடானபின் மிதமான ஆக்சிலரேட்டரில் எல்லாக் கியரும் பலமுறை ஏறி இறங்கும்படி ஓட்டிப் பழக்க வேண்டும். சின்ன வேலை. அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அந்த 'டொக்' பற்றி ஒன்று. அது கியர் பாக்ஸ் சத்தமாக இல்லாமலும் இருக்கலாம். பாக்ஸை இறக்கி ஏற்றும்போது என்ஜின் மவுன்ட் (என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்) கிழிந்திருந்தாலும், போல்ட் சரியாக இறுகாவிட்டாலும் இதே மாதிரி இடிக்கும். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு டி, ஆர் என்று மெதுவாக மாற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், வண்டிக்கு முன்னால் வேண்டாம். என்ஜின் கொஞ்சம் அசைவது சகஜம். எழும்பித் திரும்ப விழுந்தால் மவுன்ட்தான். ஆனால் ரேஸ் ஏறுவதற்கு மவுன்ட் காரணமாகாது. மவுன்ட்டை மாற்றி இடி நின்றது, வேலை முடிந்தது என்று அனுப்பிவிடப் போகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் பாக்ஸைப் பிரிக்க மாட்டோம், முழு அசெம்பிளி மாற்ற வேண்டும் என்று லட்சங்களில் பேசுவார்கள். புத்தகத்தில் ஆயிலே மாற்ற வேண்டாம் என்று எழுதி வைப்பது, பாக்ஸ் கருகினால் கைவிரிப்பது! மக்கள் சந்துப் பட்டறையைத் தேடிப் போகாமல் என்ன செய்வார்கள்?

ரீபில்ட் செய்தவரிடம் மூன்று கேளுங்கள்: மாற்றிய பாகங்களின் பட்டியலோடு பில், கழற்றிய பழைய பாகங்கள், ஆயில் கூலரைக் கழுவினாரா என்ற பதில். கழுவாவிட்டால் பழைய துகள் புது பாக்ஸுக்குள் வந்து சோலனாய்டை (ஆயில் போகும் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) அடைத்துவிடும். அப்புறம், சூடான நிலையில் கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கொடைக்கானலுக்கு இந்த வண்டி வேண்டாம். ஒவ்வொரு முறை ரேஸ் ஏறும்போதும் பிளேட் கருகுகிறது. மலை ஏறி இறங்கினால், 'நீங்க ஓட்டினதுல போச்சு' என்று சொல்ல ரீபில்ட் செய்தவருக்கு வழி கிடைத்துவிடும்.