ஒரே நாளில் சாயும் தக்காளி

கேள்வி: காய் பிடித்த தக்காளிச் செடிகள் நேற்று வரை செழிப்பாக நின்றன. இன்று பச்சை இலையோடு தலை தொங்கிவிட்டன. தண்ணீர் பாய்ச்சியும் பூஞ்சாணக் கொல்லி ஊற்றியும் பலனில்லை. ஒரே நாளில் எப்படி வாடும்?

பதில்: வாடியது ஒரே நாளில்; நோய் புகுந்தது அதற்கு வெகு முன்பே. இலை மஞ்சளாகாமல் தொங்குவதால் இது பாக்டீரியா வாடல் நோயாகத்தான் தெரிகிறது. வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நிறத்தில் நூல் நூலாக இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அது பாக்டீரியாக் கூட்டமும் அது சுரந்த பாகும்.

ரால்ஸ்டோனியா என்ற இந்தப் பாக்டீரியா வேர்க்காயம் வழியே நுழைகிறது. ஒவ்வொரு பாக்டீரியாவும் கொழுப்பு அமில எஸ்டர் என்ற ஒருவகை வேதிப்பொருளைச் சமிக்ஞையாக ஓயாமல் வெளியிடும். இவற்றின் பேச்சு அதுதான். கூட்டம் சிறியதாக இருக்கும்வரை அந்தச் சமிக்ஞை வலுப்பெறாது. பாக்டீரியாக்கள் நீந்திப் பரவுவதிலேயே குறியாக இருக்கும். நீர் ஏறும் நாளத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கோடி என்ற அளவுக்கு நெருங்கியதும், தேங்கிய சமிக்ஞையை உணர்ந்து கூட்டமே குணம் மாறுகிறது. நீச்சல் குறைகிறது, பாகு பெருகுகிறது. பாகுக்குள் பொதிந்த இந்த உயிர்ப்படலம் நாளத்தை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் இலைக்கு நீர் ஏறாதது இதனால்தான். நீங்கள் ஊற்றிய மருந்து பூஞ்சாணத்துக்கானது. பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது.

இந்தச் சமிக்ஞையைச் சிதைக்கும் நொதியுள்ள மண் பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். படிக்கச் சுவையான செய்திதான். உங்கள் செடியை அது இன்று நிமிர்த்தாது.

சாய்ந்த செடிகளை வேரோடும் வேர்மண்ணோடும் அகற்றி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்த வரிசையில் பாய்ந்த நீர் நல்ல வரிசைக்குப் போகக் கூடாது. எஞ்சிய செடிகளின் வேர் அறுபடும்படி களை கொத்த வேண்டாம். பிடுங்கிய வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழுவையும் கவனிக்க வேண்டும். அது போடும் துளைகள் பாக்டீரியாவுக்கு வாசல். அடுத்த பயிராகக் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். நெல்லோ மக்காச்சோளமோ போடுங்கள். மறுபடி தக்காளிதான் என்றால், இந்நோயைத் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றுகளைக் கேட்டு வாங்குங்கள்.