குறைவாக ஓடிய செகண்ட் ஹேண்ட் க்ரூஸர் பைக்கை சென்னையில் வாங்கலாமா? பராமரிப்பு எப்படி இருக்கும்?

"அஞ்சு வருஷத்துல எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, செலவே வைக்காது"ன்னு விக்கிறவர் சொல்றார், நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு உறுத்துறதே அந்த எட்டாயிரம்தான்.

தினமும் ஆபீஸ் போற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு. சாய்ஞ்சு உக்காந்து நிதானமா ஓட்டுற க்ரூஸருக்குக் காலண்டர் கணக்கு. நம்ம ஊர்ல இந்த வண்டிங்க பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை வண்டிங்க. விடியக்காலையில கடலோர ஈ.சி.ஆர். ரோடு, கோவளத்துல ஒரு காபி, திரும்பி வந்ததும் கவர் போட்டு மூடிடுவாங்க. மத்த நாளெல்லாம் பார்க்கிங்ல நின்னே கழியும். பீரோவை விட்டு வெளியவே எடுக்காத பட்டுப்புடவை மடிப்புல இழை விடும் இல்லையா, அப்படித்தான் இதுவும்.

எந்தக் கம்பெனி மேன்யுவல்லயும் சர்வீஸுக்கு இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாசம், எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருக்கும். நம்மாளுங்க கிலோமீட்டரை மட்டும் படிச்சுட்டு மாசத்தை விட்டுடுவாங்க. வண்டி ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும். தெருமுனை வரைக்கும் ஓட்டி ஓட்டி நிறுத்தின வண்டி இன்னும் மோசம். இன்ஜின் முழுசா சூடாகாததால உள்ள சேர்ற ஈரம் ஆயில்லயே தங்கிடும். பிரேக் ஃப்ளூயிடும் ஈரத்தை இழுக்கும், அதை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அதனால ஓடோமீட்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பழைய சர்வீஸ் பில்லைக் கேளுங்க. தேதி வாரியா பில் இருந்தா இருபதாயிரம் ஓடின வண்டியைக்கூட நான் தைரியமா வாங்குவேன்.

டயரோட பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். ஓடாம நின்ன பழைய டயர் பட்டன் தேயாம புதுசு மாதிரியே இருக்கும், ஆனா ரப்பர் இறுகிப் போயிருக்கும். மழையில மவுன்ட் ரோடு மாதிரி இடத்துல பிரேக் பிடிச்சாதான் அது தெரியும். டயர் மாத்துற செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

பெட்ரோல் விஷயம் பல பேருக்குத் தெரியறதில்லை. இப்போ பங்க்ல கிடைக்கிறதுல 20 சதவீதம் எத்தனால். அதுவும் ஈரத்தை இழுக்கிற சாமான்தான். அரை டேங்க்கோட மாசக்கணக்கா நின்ன வண்டின்னா டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு உள்ள துரு இருக்கான்னு பாருங்க. தண்டர்பேர்ட் 350 மாதிரி கார்புரேட்டர் வண்டியில பழைய பெட்ரோல், எரிபொருள் போற சின்ன ஓட்டையான ஜெட்டை அடைச்சிருக்கலாம். கழட்டி சுத்தம் பண்ணினா சரியாகிடும், அதுக்காக வண்டியை வேண்டாம்னு சொல்லாதீங்க.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கத்து வண்டின்னா உப்புக் காத்தோட வேலையைத் தேடிப் பார்க்கணும். க்ரோம் எல்லாம் போட்டோவுக்குப் பளபளன்னு துடைச்சு வெச்சிருப்பாங்க. நீங்க குனிஞ்சு ஸ்போக் ரிம்முல மாட்டுற இடம், சைலன்சர் அடிப்பக்கம், போல்ட் தலை இதையெல்லாம் பாருங்க. இன்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற பெண்ட் பைப்லயும் ஃபிரேம் அடியிலயும் உரசின தழும்பு இருக்கான்னு பார்த்துக்கோங்க. தாழ்வான வண்டி, நம்ம ஊர் வேகத்தடை சும்மா விடாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நின்ன வண்டின்னா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ தண்ணியில இருந்துச்சான்னு நேரடியாவே கேளுங்க. சீட்டைக் கழட்டினா வயரிங் கனெக்டர்ல பச்சைப் பூத்திருக்கிறது பதில் சொல்லிடும்.

பார்க்கப் போறப்போ "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணா"ன்னு சொல்லிட்டுப் போங்க. இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தா மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அப்பதான் பேட்டரியோட நிலைமை தெரியும். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர்ல கிக்கர் கிடையாது, பேட்டரி போனா தள்ளித்தான் ஆகணும். 191 கிலோ வண்டியைத் தள்ளிப் பார்த்தவங்களைக் கேளுங்க!

வாங்கின பிறகு பெரிய வேலை ஒண்ணுமில்ல. வாரத்துல ரெண்டு நாளாவது அரை மணி நேரம் ஓட்டுங்க. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில நனைஞ்சா அடுத்த நாளே, செயினைச் சுத்தம் பண்ணி செயின் லூப் ஸ்ப்ரே அடிங்க. சென்டர் ஸ்டாண்ட் இல்லாத மாடல்னா பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துற பேடாக் ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கிடுங்க, இல்லாட்டி இந்த வேலை நடக்கவே நடக்காது. ஈ.சி.ஆர். போய் வந்தா நல்ல தண்ணியில கழுவித் துடைச்சிட்டு, காய்ஞ்ச பிறகு கவர் போடுங்க. ஈரத்தோட மூடினா கவரே துருவை வளர்க்கும்.

ராயல் என்ஃபீல்டு, பஜாஜ் அவெஞ்சர் ரெண்டுக்கும் பார்ட்ஸ் பத்திக் கவலை வேண்டாம், ஜி.பி. ரோட்டுல ஒரு சுத்து சுத்தினாலே கிடைக்கும். ஹார்லி ஸ்ட்ரீட் 750 மாதிரி ஏதாவது மலிவா வருதுன்னா மட்டும் நிதானிங்க. அதுல செயின் இல்ல, பெல்ட். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலண்ட் வேற பார்க்கணும். அந்த பெல்ட்டை யாரு வரவழைச்சுத் தருவாங்க, எத்தனை நாளாகும்னு விசாரிச்சுட்டு அட்வான்ஸ் கொடுங்க.