இரட்டுற மொழிதலா, மயங்க வைத்தலா? பொருள் மயக்கம் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு சொல்லோ தொடரோ இரண்டு பொருள் தருவது. உறுப்பினர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. தமிழ் கற்பித்த காலம் முழுவதும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆகவே சில பதில்கள் நீண்டுவிட்டன.

உயர்தர மாணவி, உப்புவெளி: சேர், நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று 'மயங்க வைத்தல்'. அதே நூல் சொல்லும் 32 உத்திகளில் ஒன்று 'இரட்டுற மொழிதல்'. ஒரே காரியம் எப்படிக் குற்றமாகவும் உத்தியாகவும் இருக்க முடியும்?

மகளே, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உனக்கு நன்றி. இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டும் ஒரே காரியம் அல்ல. மயங்க வைத்தலில், எழுதியவர் ஒன்றை நினைத்திருப்பார். படிப்பவருக்கு அதுவா இதுவா என்று பிடிபடாது. இரட்டுற மொழிதலில் இரண்டு பொருளையும் எழுதியவர் அறிந்தே வைக்கிறார், படிப்பவருக்கும் இரண்டும் கிடைக்கின்றன. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடியதை எடுத்துக்கொள். "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்" என்று தொடங்குகிறார். பாம்புக்கு நஞ்சு உண்டு, பழம் நைந்திருக்கும். பாம்பு தன் தோலைத் தானே உரிக்கும். பழத்தின் தோலை நாம் உரிக்கிறோம். பாம்பு சிவனின் முடியில் அணியாக இருக்கிறது. பழம் அபிடேகத்தின்போது அங்கே போய்ச் சேர்கிறது. அடுத்த அடியில் வரும் 'வெஞ்சினம்' பாம்புக்குக் கடுங்கோபம், பழத்துக்குச் சோற்றோடு சேர்த்துண்ணும் துணையுணவு. பல் பட்டால் இரண்டிலும் மீட்சி இல்லை. இதைக் கேட்டு யாரும் குழம்பியதில்லை. ஒரு பொருள் மட்டும் கிடைத்திருந்தால் நமக்கு நட்டம், இரண்டும் கிடைப்பதால் மகிழ்ச்சி.

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டாவது பொருள் கேட்பவருக்குத் தெரிகிறதா, அல்லது அவருக்குத் தெரியாமல் கிடக்கிறதா? தெரிந்தால் உத்தி, தெரியாவிட்டால் குற்றம். கீழே வரும் பதில்களிலும் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

அதே மாணவி: செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரட்டுற மொழிதலையே சிலேடை என்றும் சொல்வோம். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழி: 'வேங்கை' என்றால் புலியும் ஆகும், மரமும் ஆகும். பிரித்தால்தான் மற்றப் பொருள் வருமென்றால் பிரிமொழி: 'தாமரை' பூவாகவும் இருக்கும், தா மரை என்று பிரிந்து தாவும் மரையாகவும் இருக்கும். நம் காட்டு மரையைத் தெரிந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செய்தியாளர், கந்தளாய்: 'யானை தாக்கிய விவசாயி வைத்தியசாலையில்' என்று தலைப்பிட்டேன். விவசாயி யானையைத் தாக்கினாரா என்று ஒரு வாசகர் கேட்டார். என் தமிழ் பிழையா?

பிழை இல்லை, தம்பி. உங்கள் தலைப்புக்குப் பழைய உறவு ஒன்று உண்டு. தொல்காப்பிய உரைகளில் 'புலி கொல் யானை' என்ற எடுத்துக்காட்டு வரும். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தொல்காப்பியர் இதைத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்கிறார். இரண்டாம் வேற்றுமையும் ('ஐ') மூன்றாம் வேற்றுமையும் ('ஆல்') அங்கே தடையின்றி வரலாம், பொருளைப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்பது அவர் விதி. தடுமாற்றத்தைக் கண்டு இலக்கணம் பதறவில்லை, பெயர் வைத்து இடம் கொடுத்திருக்கிறது.

அஃறிணைப் பெயரோடு 'ஐ' உருபை விட்டுவிடுவது நம் வழக்கம் என்பதால் வரும் மயக்கம் இது. யானைகள் ஊருக்குள் வரும் உங்கள் பகுதியில் யாரும் தவறாக விளங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அடிபட்டவர் ஒரு மனிதர். அவருடைய செய்தியில் சிரிப்புக்கு இடம் வைக்கக் கூடாது. 'யானை தாக்கியதில் விவசாயி காயம்' என்று எழுதுங்கள்.

நீதிமன்ற உரைபெயர்ப்பாளர், திருகோணமலை நகர்: சாட்சி ஒருவர் "அவருக்குப் பயந்து நான் கையெழுத்து வைக்கவில்லை" என்றால் எப்படிப் பெயர்ப்பது?

ஐயா, எல்லாக் கேள்விகளிலும் கனமானது உங்களுடையது.

அந்த வாக்கியத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் அவர் பயந்தார், ஆகவே கையெழுத்து வைக்கவில்லை. மற்றதில் கையெழுத்து வைத்தார், ஆனால் பயத்தால் அல்ல. பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்பதே தலைகீழாகிறது. தமிழில் மறுப்பு வினையோடு சேர்ந்து கடைசியில் வருவதால், அது வினையை மறுக்கிறதா, முன்னே நிற்கும் காரணத்தை மறுக்கிறதா என்று எழுத்தில் தெரியாது. பேசும்போது குரல் காட்டிக்கொடுக்கும். 'பயந்து' என்பதை அழுத்திச் சொன்னால் பெரும்பாலும் இரண்டாவது பொருள். வழக்குப் பதிவில் அந்த அழுத்தம் ஏறாது.

நீங்களே ஒரு பொருளைத் தெரிவு செய்து பெயர்ப்பது, சாட்சியத்தை நீங்கள் சொல்வதாகிவிடும். வாக்கியம் இரு பொருள் தருகிறது என்பதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, "கையெழுத்து வைத்தீர்களா, இல்லையா?" என்று சாட்சியிடம் கேட்க அனுமதி பெறுங்கள். தெளிவான தமிழ் இரண்டு இருக்கின்றன: "பயத்தால் கையெழுத்து வைக்காமல் விட்டேன்", "கையெழுத்து வைத்தேன், பயந்து வைத்தது அல்ல." அவர் வாயிலிருந்து இவற்றில் ஒன்று வரட்டும். ஆங்கில வாக்கியத்திலும் இதே மயக்கம் வரலாம். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மயக்கம் அப்படியே மேசை மாறும், தீராது.

இல்லத்தரசி, மூதூர்: "என் மூத்த மகனின் மகளுக்கும் மகனுக்கும்" என்று வாப்பா எழுதிவைத்த காணிக் கடிதத்தில் யாருக்குப் பங்கு?

பேரனுக்கா, உங்கள் வாப்பாவின் இன்னொரு மகனுக்கா என்று அந்தத் தொடர் சொல்லவில்லை. மொழியை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, சட்டத்தரணியிடம் காட்டுங்கள். இனி எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உறவுமுறையோடு ஆளின் முழுப்பெயரையும், ஒவ்வொருவருக்கும் தனி வரியையும் எழுதுங்கள்.

பல்கலைக்கழக மாணவர், கிண்ணியா: இவ்வளவு தொல்லை என்றால் மொழி ஏன் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல் வைத்துக்கொள்ளவில்லை?

'ஆறு' என்ற சொல்லைப் பாருங்கள். எண், நதி, வழி, சூடு தணி என்ற ஏவல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. "காலை ஆறு மணிக்கு மகாவலி ஆற்றைக் கடந்தோம்" என்றால் நீங்கள் ஒரு கணமும் தயங்கவில்லை. வேலையைச் சூழல் செய்துவிடுகிறது. 2012இல் பியான்டடோசி, டிலி, கிப்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதையே வாதமாக முன்வைத்தார்கள்: சூழல் ஏற்கனவே சொல்வதைச் சொல்லும் திரும்பச் சொன்னால் அது வீண். குறுகிய, வாய்க்கு எளிய சொற்களைப் பல பொருளுக்கும் திரும்பப் பயன்படுத்துவதே சிக்கனம். நான் இதை முழுமையாக ஏற்கிறேன். தொல்காப்பியரும் 'பலபொருள் ஒருசொல்' என்று வகுத்து, வினையும் உடன் வரும் சொல்லும் பொருளைக் காட்டும் என்றார். 'மா காய்த்தது' என்றால் மரம்தான், குதிரை அல்ல.

சூழல் அறியாத இடத்தில் இந்தச் சிக்கனம் செலவாகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு முழுமையாகக் கைகூடாது என்று மொழி ஆய்வாளர் பார்-ஹிலல் 1960இல் வாதிட்டபோது எடுத்துக்காட்டியதும் இதுதான். ஆங்கிலத்தில் 'பென்' என்பது பேனாவும் ஆகும், சிறுபிள்ளைகள் விளையாடும் அடைப்பும் ஆகும். "பெட்டி பென்னுக்குள் இருந்தது" என்றால் எது என்று அறிய, பெட்டியின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர், நிலாவெளி: அரசியலில் வேண்டுமென்றே இரு பொருள்படப் பேசுகிறார்களே, அதுவும் உத்தியா?

கையெழுத்து வாங்குவதற்கு அது உதவும். 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 242ஆம் தீர்மானம், இஸ்ரேல் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து வெளியேற வேண்டும் என்றது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்று ஆங்கில வாசகம் சொல்லவில்லை. பிரெஞ்சு வாசகம் 'அந்தப் பகுதிகள்' என்று படிக்க இடம் தந்தது. இன்றுவரை வாதிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் 2017 செப்டெம்பரில் அரசியலமைப்பு வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. சிங்களத்தில் இருந்த 'ஏகீய ராஜ்ய' அப்படியே இருக்க, தமிழில் 'ஒற்றையாட்சி' இருந்த இடத்தில் 'ஒருமித்த நாடு' வந்தது. பிரிக்க முடியாத நாடு என்ற விளக்கமும் சேர்த்தார்கள். ஆனாலும் மற்றவருக்கு வேறொன்று சொல்லப்படுகிறது என்ற ஐயம் இரு பக்கமும் எழுந்தது. வாசலைத் திறக்க அத்தகைய சொல் தேவைப்படலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சமூகங்கள் வாழப்போகும் ஒப்பந்தத்தில், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பொருளை மட்டும் அறிந்திருந்தால் அதை மயங்க வைத்தல் என்றே சொல்வேன்.

அதே அன்பர்: நாம் தினமும் சொல்லும் 'பார்ப்போம்'?

சம்பந்தம் பேச வந்தவர்களிடம் 'பார்ப்போம்' என்றால் இரு வீட்டாருக்கும் பொருள் தெரியும். யாருடைய மானமும் போகாது. அது அழகான பழக்கம். அலுவலகக் கடிதத்தில் 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்பது வேறு. யார் எடுப்பார், எப்போது எடுப்பார் என்று அதில் இல்லை. பதிலுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு அப்படி எழுதக் கூடாது.

வங்கி ஊழியர், திருகோணமலை நகர்: நம் ஊர் திருகோணமலையா, திருக்கோணமலையா?

அரச எழுத்தில் 'க்' இல்லை. அப்படிப் படித்தால் மூன்று கோணம் என்ற எண்ணம் வருகிறது. 'க்' இருந்தால் 'திரு' என்ற அடைமொழி தெளிவாகத் தெரியும். சம்பந்தர் 'கோணமாமலை' என்றே பாடுகிறார், மூன்று அங்கே இல்லை. நான் 'க்' பக்கம். முகவரி எழுதும்போது மட்டும் வழக்கத்தை ஒட்டி விட்டுவிடுகிறேன். ஒற்றெழுத்தை அலட்சியம் செய்கிறவர்கள் 'தந்த பலகை', 'தந்தப் பலகை' இரண்டையும் எழுதிப் பாருங்கள்: ஒன்று கொடுத்தது, மற்றது யானைத் தந்தத்தில் செய்தது.

மாணவர், சம்பூர்: சிலேடை எழுதிப் பழக எங்கே தொடங்குவது?

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பொருள்களை எடுங்கள். ஒவ்வொன்றும் செய்வதை வினைச்சொற்களாகப் பட்டியலிட்டு, இரண்டு பட்டியலிலும் பொதுவான வினைகளைக் குறியுங்கள். மூன்று கிடைத்தால் ஒரு வெண்பாவுக்குப் போதும். தோணியையும் கடிதத்தையும் வைத்துத் தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து திருத்துவோம்.