19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேய பீர் உற்பத்தியாளர் ஒருவரின் வாழ்க்கை எப்படி இருந்தது?

இக்கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பெயர் மேத்யூ வாசர். நியூயார்க் மாநிலத்து வாசர் கல்லூரியின் நிறுவனர் என்று அறியப்படும் அவர், அந்தச் செல்வத்தை ஈட்டியது 'ஏல்' என்னும் ஆங்கிலேய வகை பீர் காய்ச்சி விற்றுத்தான்.

1792இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்த வாசர், நான்கு வயதில் பெற்றோருடன் கப்பலேறினார். ஹட்சன் ஆற்றங்கரை ஊரான பொகிப்சியில் தந்தை பீர் தொழிலைத் தொடங்கினார். பதினான்கு வயது மகனைத் தோல் பதனிடுபவரிடம் தொழில் பழக விட அவர் முடிவு செய்தபோது, அதில் விருப்பமில்லாத பையனைத் தாயே படகுத்துறை வரை அழைத்துச் சென்று, 75 சென்ட் கொடுத்து அக்கரைக்கு அனுப்பிவைத்தார். அக்கரையில் கடை வேலை பார்த்துச் சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார்.

1811 மே மாதம் ஆலை தீக்கிரையானது. எஞ்சிய பீர் தேறுமா என்று பார்க்கத் தொட்டிக்குள் இறங்கிய அண்ணன் ஜான் உயிருடன் திரும்பவில்லை. பீர் புளிக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியிலேயே தேங்கி நிற்கும். விளக்கை இறக்கினால் அணைந்துவிடும், மனிதன் இறங்கினால் மூச்சு நின்றுவிடும். குடும்பத்தின் சுமை பத்தொன்பது வயது மேத்யூவின் தலையில் விழுந்தது. உறவினர் ஒருவரின் பழைய சாயப்பட்டறையில் ஒரு தடவைக்கு மூன்று பீப்பாய் வீதம் காய்ச்சி, தாமே ஊருக்குள் கொண்டுபோய் விற்றார். நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிப்பி உணவும் ஏலும் விற்கும் கடையையும் நடத்தினார். 1836இல் ஆற்றங்கரையிலேயே பெரிய ஆலை எழுந்தது. பீப்பாய்களைப் படகில் ஏற்றி நியூயார்க் நகருக்கு அனுப்ப அதைவிட வசதியான இடம் இல்லை. அவருடைய வெற்றியில் சரக்கின் தரத்துக்கு இருந்த பங்கு அந்த ஆற்றுக்கும் இருந்தது என்பது என் கருத்து.

பிள்ளைகள் இல்லாத வாசருக்குச் செல்வத்தை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 1845இல் லண்டனில் உறவினர் தாமஸ் கை (Guy) என்பவரின் பெயர் தாங்கிய மருத்துவமனையைக் கண்டபின் தாமும் ஒரு மருத்துவமனை கட்டலாம் என எண்ணினார். பள்ளி நடத்திய உறவுப் பெண் லிடியா பூத்தும், பின்னர் கல்வியாளர் மைலோ ஜூவெட்டும் அந்த எண்ணத்தைப் பெண் கல்வியின் பக்கம் திருப்பினர். 1861 பிப்ரவரியில் 4,08,000 டாலர் மதிப்புள்ள பத்திரங்களை ஒரு தகரப்பெட்டியில் வைத்து, பெண்கள் கல்லூரி ஒன்றை அமைக்க அதன் அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். கல்லூரி 1865இல் திறந்தது. 1868 ஜூன் 23 அன்று அதே அறங்காவலர்களுக்கு முன் தமது விடைபெறும் உரையை வாசித்துக்கொண்டிருந்தபோது, பதினோராம் பக்கத்தில் குரல் நின்று, நாற்காலியிலேயே உயிர் பிரிந்தது.